ஆக்சைடுகளின் படிக்கட்டு: விருத்தாசலத்துச் சூளையும் தனிம வரிசை அட்டவணையும்

கடலூர் மாவட்டத்து விருத்தாசலத்தைத் தமிழ்நாடு பீங்கான் ஊர் என்றே அறியும். பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்று அரசு நடத்தும் கல்வி நிறுவனம் அங்கே இருக்கிறது. பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. ப்யூஸ் கேரியர், மின்காப்பான், கோப்பை, பொம்மை என்று பலவும் அங்கே உருவாகின்றன. பொருள்கள் பல என்றாலும் அடிப்படை மூலப்பொருள்கள் மூன்றுதான்: களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ். பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் படிவுகளில் வெள்ளைக் களிமண் உண்டு. மற்ற இரண்டும் தமிழ்நாட்டின் உட்பகுதிப் பாறைகளில் கிடைப்பவை. இந்த மூன்றையும் வேதியியல் பகுத்துச் சொல்லும் விதம் கவனிக்கத் தக்கது. தூய கயோலின் களிமண்ணில் நூற்றுக்கு 46.5 பங்கு சிலிக்கா, 39.5 பங்கு அலுமினா, 14 பங்கு நீர். பொட்டாஷ் ஃபெல்ஸ்பாரில் ஏறத்தாழ 65 பங்கு சிலிக்கா, 18 பங்கு அலுமினா, 17 பங்கு பொட்டாசியம் ஆக்சைடு. குவார்ட்ஸ் முழுக்கச் சிலிக்கா. சிலிக்கன், அலுமினியம், பொட்டாசியம் என்று தனிமங்களின் பெயரைச் சொல்கிறோம். ஆனால் அவற்றில் எதுவும் தனித்த நிலையில் பட்டறைக்குள் வருவதில்லை. எல்லாம் ஆக்சிஜனோடு சேர்ந்தே வருகின்றன. தனிம வரிசை அட்டவணை எந்த அடிப்படையில் அடுக்கப்பட்டிருக்கிறது என்ற கேள்விக்கு விடை தேட, இந்த இடம் ஆய்வகத்தைவிட நல்ல இடம் என்பது என் கருத்து. அட்டவணையில் இருப்பது ஒரே ஒழுங்கு அல்ல. வெவ்வேறு இயல்புடைய இரண்டு ஒழுங்குகள். ஒன்று, தனிமங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் வரிசை. அது அணு எண்ணால் ஆனது, விலக்கே இல்லாதது. மற்றொன்று, மேலும் கீழுமாக நிற்கும் தனிமங்களின் உறவு. அது சேர்மங்களிலிருந்து, முதன்மையாக ஆக்சைடுகளிலிருந்து, கண்டறியப்பட்டது. ஓரிடத்தில் இறுக்கமாகவும் வேறிடத்தில் தளர்வாகவும் நிற்பது. இரண்டையும் ஒரே விதியாகக் குழைத்துச் சொல்வதால்தான் மாணவர்கள் அட்டவணையைப் புரிந்துகொள்ளாமல் மனப்பாடம் செய்கிறார்கள்.

வரிசையை முதலில் பார்ப்போம். 1869இல் மெண்டலீவ் தம் அட்டவணையை வெளியிட்டபோது அறியப்பட்டிருந்த தனிமங்கள் 63. அவர் அவற்றை அணு நிறைப்படி வரிசைப்படுத்தினார். ஆனால் நிறை சில இடங்களில் காலை வாரியது. டெலூரியத்தின் நிறை 127.6, அயோடினுடையது 126.9; குணத்தைப் பார்த்தால் டெலூரியம்தான் முன்னால் வர வேண்டும். பின்னால் தெரியவந்த இரண்டு இடறல்கள் பீங்கான் தொழிலுக்கு நெருக்கமானவை. ஆர்கானின் நிறை 39.95, பொட்டாசியத்தின் நிறை 39.10. நிறைப்படி அடுக்கினால் ஃபெல்ஸ்பாரில் இருக்கும் பொட்டாசியம் மந்த வாயுக்களின் நிரலில் போய் உட்கார்ந்துவிடும். கோபால்ட் 58.93, நிக்கல் 58.69. பீங்கானில் நீலம் தருவது எது, பச்சையும் பழுப்பும் தருவது எது என்று அறிந்தவருக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல; நிறையோ அவற்றைத் தலைகீழாக நிறுத்துகிறது. 1913இல் இளைஞரான ஹென்றி மோஸ்லி, தனிமங்கள் வெளியிடும் எக்ஸ் கதிர்களின் அதிர்வெண்ணை அளந்தார். அதன் வர்க்கமூலம் ஒரு தனிமத்திலிருந்து அடுத்ததற்குச் சம அளவில் ஏறிக்கொண்டே போனது. கோபால்டுக்கு 27, நிக்கலுக்கு 28 என்று ஐயமில்லாமல் தெரிந்தது. இரண்டே ஆண்டுகளில் கலிப்போலிப் போர்முனையில் அவர் இறந்தார். அவர் நிறுவிய ஒழுங்கில் இன்றுவரை ஒரு விலக்குகூடக் கிடையாது. ஒன்று முதல் 118 வரை இடைவெளி இல்லை. இரண்டு எண்களுக்கு நடுவில் புதிதாக ஒன்று நுழைய வழியும் இல்லை.

ஆனால் எண் கொடுப்பது ஒரு நேர்கோடு மட்டுமே. 11 சோடியம், 19 பொட்டாசியம் என்று எண் சொல்லும். 19 ஏன் 11க்குக் கீழே நிற்க வேண்டும் என்று சொல்லாது. கோட்டை எங்கே மடக்குவது என்பதே அட்டவணையின் உயிரான கேள்வி. மோஸ்லிக்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே அதற்கு விடை கிடைத்துவிட்டது, அதுவும் ஆக்சைடுகளிலிருந்து. 1871இல் மெண்டலீவ் திருத்தி வெளியிட்ட அட்டவணையில் எட்டுத் தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியின் தலையிலும் அதன் உயர்ந்த ஆக்சைடின் பொது வாய்பாடு எழுதப்பட்டிருக்கிறது. அதாவது, ஒரு அணு எத்தனை ஆக்சிஜனோடு சேரும் என்ற கணக்கு: அரை, ஒன்று, ஒன்றரை, இரண்டு, இரண்டரை, மூன்று, மூன்றரை, நான்கு. மூன்றாம் தொடரை இதில் வைத்துப் பார்த்தால் ஒழுங்கு துலங்கும். சோடியம் அரை, மக்னீசியம் ஒன்று, அலுமினியம் ஒன்றரை, சிலிக்கன் இரண்டு, பாஸ்பரஸ் இரண்டரை, கந்தகம் மூன்று, குளோரின் மூன்றரை. ஒரு படி தவறவில்லை. ஆர்கானுக்கு ஆக்சைடு இல்லை. அங்கே கோடு மடங்குகிறது. அடுத்து வரும் பொட்டாசியம் மறுபடி அரையில் தொடங்குகிறது, கால்சியம் ஒன்று. எலக்ட்ரான் என்ற ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில் இந்தப் படிக்கட்டு முழுமையாகத் தெரிந்திருந்தது. சிலிக்கனுக்குக் கீழே காலியாக இருந்த கட்டத்துக்கு ‘ஏகசிலிக்கன்’ என்று மெண்டலீவ் பெயரிட்டு, அதன் ஆக்சைடில் ஒரு அணுவுக்கு இரண்டு ஆக்சிஜன் இருக்கும், அந்த ஆக்சைடின் அடர்த்தி 4.7 இருக்கும் என்றும் சொல்லி வைத்தார். 1886இல் விங்க்ளர் ஜெர்மானியத்தைக் கண்டுபிடித்தபோது அவர் அளந்த அடர்த்தியும் அதுவாகவே இருந்தது.

படிக்கட்டு வெறும் எண்ணிக்கை அல்ல, குணமும் அதனோடு படிப்படியாக மாறுகிறது என்பதற்குச் சூளையே சான்று. இடது ஓரத்து ஆக்சைடுகள் காரத்தன்மை உடையவை, வலப்பக்கத்தவை அமிலத்தன்மை உடையவை, அலுமினா நடுவில் இரண்டு பக்கமும் சாயக்கூடியது. சேலத்துச் சாக் மலையின் மாக்னசைட்டைச் சுட்டால் மக்னீசியம் ஆக்சைடு கிடைக்கும். அது 2800 டிகிரிக்கு அருகில்தான் உருகும். அதில் செய்த செங்கலை எஃகு உலைக்குள் பதிப்பதற்கு உருகுநிலை மட்டும் காரணம் அல்ல. எஃகு உலையின் கசடு சுண்ணாம்பு மிகுந்த காரக் கசடு. சிலிக்காச் செங்கலை அது தின்றுவிடும். மக்னீசியாச் செங்கலைத் தின்னாது. உருகும் தன்மையைப் பார்த்தாலும் இதே கதைதான். மக்னீசியா, அலுமினா, சிலிக்கா மூன்றும் சூளையின் சுவராக நிற்கக்கூடிய திடப்பொருள்கள். இன்னும் இரண்டு படி தள்ளிப் போனால் கந்தகத்தின் ஆக்சைடு வாயுவாகிப் புகைபோக்கி வழியே வெளியேறிவிடும். ஒரே தொடரில், அடுத்தடுத்த எண்களில் இத்தனை மாற்றம்.

ஜெர்மானியம் கண்டுபிடிக்கப்பட்ட அதே 1886இல், பெர்லின் அரசுப் பீங்கான் ஆலையின் வேதியியலாளர் ஹெர்மன் ஸேகர் வெப்பம் அளக்கும் கூம்புகளை அறிமுகப்படுத்தினார். குறிப்பிட்ட வெப்பத்தில் தலை சாயும் அந்தக் கூம்புகளை உலகமெங்கும் சூளைக்காரர்கள் பயன்படுத்தினார்கள். அவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, கிளேஸை, அதாவது பீங்கான்மேல் உருகிப் படியும் கண்ணாடிப் பூச்சை, எழுத அவர் வகுத்த முறை. கிளேஸில் உள்ள ஆக்சைடுகளை எடையால் சொல்லாமல் மூலக்கூறு எண்ணிக்கையால் சொல்ல வேண்டும். மூன்று நிரல்களாகப் பிரிக்க வேண்டும். முதல் நிரலில் அரையும் ஒன்றும்: சோடியம், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம். இவை இளக்கிகள். இவற்றின் கூட்டுத்தொகை எப்போதும் 1. இரண்டாம் நிரலில் ஒன்றரை: அலுமினா. மூன்றாம் நிரலில் இரண்டு: சிலிக்கா. ஸேகரின் 4ஆம் கூம்பு இப்படி எழுதப்படும்: 0.3 பொட்டாசியம் ஆக்சைடு, 0.7 கால்சியம் ஆக்சைடு, 0.5 அலுமினா; 4 சிலிக்கா. இளக்கியை அப்படியே வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் ஏற்றினால் கூம்பு தாங்கும் வெப்பம் ஏறும். 10ஆம் கூம்பில் 1 அலுமினா, 10 சிலிக்கா. சாய்வது 1300 டிகிரிக்கு அருகில். ஸேகரின் மூன்று நிரல்களும் மெண்டலீவ் தொகுதிகளின் தலையில் எழுதிய அதே கணக்கைப் பின்பற்றுகின்றன. பீங்கான் படிக்கும் மாணவர் கிளேஸ் கணக்குப் போடும்போதெல்லாம் மெண்டலீவ் அட்டவணையின் இடப்பக்கத்தைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறார். இது தொழிலுக்கான வெறும் கணக்குக் குறிப்பு, இதில் கோட்பாடு எங்கே என்று கேட்கலாம். ஒரு கிளேஸில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியத்தை, எடைக்கு எடை அல்லாமல் மூலக்கூறுக்கு மூலக்கூறு மாற்றினால், கிளேஸ் ஏறக்குறைய அதே பண்போடு நிற்கிறது. ஒரே நிரலில் உள்ளவை ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யும் என்பதே தொகுதி என்ற சொல்லின் பொருள். கிளேஸ் அந்தப் பொருளை ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்க்கிறது.

இனி வலுவான மறுப்புக்கு வருவோம். ‘ஆக்சைடு எல்லாம் பழங்கதை, எலக்ட்ரான் அமைப்புதான் தொகுதியைத் தீர்மானிக்கிறது என்று 1920களிலேயே தெரிந்துவிட்டது. தொடர்களின் நீளம் 2, 8, 8, 18, 18, 32, 32 என்று வருவதை எந்த ஆக்சைடு விளக்கும்?’ இந்தக் கேள்வி நியாயமானது. ஆக்சைடு விளக்காது, ஆற்றல் மட்டங்கள் நிரம்பும் முறைதான் விளக்கும். ஆனால் விளக்கம் வேறு, வரையறை வேறு. தொகுதியை எலக்ட்ரான் அமைப்பு மட்டுமே வரையறுக்கிறது என்றால் ஹீலியம் பெரிலியத்தின் தலைமேல் இருக்க வேண்டும். இரண்டுக்கும் வெளிக்கூட்டில் எஸ் எலக்ட்ரான்கள் இரண்டு. அதை நியானுக்கு மேல் வைத்திருக்கிறோம், அது எதனோடும் சேராததால். நிக்கல், பல்லேடியம், பிளாட்டினம் மூன்றும் ஒரே நிரல். நிக்கலுக்கு டி ஆர்பிட்டாலில் எட்டும் எஸ்ஸில் இரண்டும். பல்லேடியத்துக்கு டியில் பத்து, எஸ்ஸில் ஒன்றுமில்லை. பிளாட்டினத்துக்கு டியில் ஒன்பது, எஸ்ஸில் ஒன்று. மூன்று தனிமம், மூன்று அமைப்பு, ஒரே தொகுதி. இங்கேயெல்லாம் தீர்ப்பு சொன்னது வேதியியல் நடத்தை. எலக்ட்ரான் அமைப்பு பின்னால் வந்து காரணம் சொன்னது. பாடநூல் காட்டும் எலக்ட்ரான் அமைப்பு வெற்றிடத்தில் தனியாக மிதக்கும் நடுநிலை அணுவுடையது என்பதையும் மறக்கக் கூடாது. அப்படியொரு இரும்பு அணு சூளைக்குள் கிடையாது. அங்கே இருப்பது இரண்டோ மூன்றோ எலக்ட்ரானை ஆக்சிஜனிடம் விட்டுவிட்ட இரும்பு.

எலக்ட்ரான் பக்கத்தின் சிறந்த சாட்சி ஹாஃப்னியம். 72ஆம் தனிமம் அரிய மண் வகையைச் சேர்ந்ததாக இருக்காது, ஜிர்கோனியத்தின் உறவாக இருக்கும் என்று நீல்ஸ் போரின் கோட்பாடு சொன்னது. கோஸ்டரும் ஹெவெசியும் கோபன்ஹேகனில் ஜிர்கான் தாதுவில் தேடி, 1923இல் கண்டுபிடிப்பை அறிவித்தார்கள். அது பெரிய வெற்றி. ஆனாலும் படிக்கட்டை அங்கே வைத்துப் பாருங்கள்: 71 லுட்டீசியம் ஒன்றரை, 73 டான்டலம் இரண்டரை, 74 டங்ஸ்டன் மூன்று, 75 ரீனியம் மூன்றரை, 76 ஆஸ்மியம் நான்கு. நடுவில் நிற்கும் 72க்கு இரண்டு என்பதைத் தவிர வேறு இடம் இல்லை. இரண்டு வழியும் ஒரே கட்டத்தில் வந்து முடிகின்றன. இந்தத் தாது நமக்கு அயலானதும் அல்ல. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் ஜிர்கான் பிரித்தெடுக்கப்படுகிறது. அரைத்த ஜிர்கான் கிளேஸை வெண்மையாக்கி, ஒளி ஊடுருவாமல் மறைக்கும். அந்தப் பொடியில் ஜிர்கோனியத்தோடு ஹாஃப்னியமும் சிறிதளவு கலந்தே இருக்கிறது. ஒன்றின் அணு நிறை 91, மற்றொன்றினுடையது 178. இருந்தும் அயனிகளின் அளவு ஏறக்குறைய ஒன்றே. இடையில் நுழைந்த லாந்தனைடுகள் பதினான்கும் அணுவைச் சுருக்கிவிட்டதால் வந்த ஒற்றுமை இது. கிளேஸ் இந்த இரண்டையும் பிரித்தறிவதில்லை.

ஆக்சைடுக் கணக்கை எதிர்த்து உள்ளேயிருந்தே வரும் மறுப்புகளும் உண்டு. நான் இவற்றையே கடினமானவையாகக் கருதுகிறேன். முதலாவது, மெண்டலீவ் மாங்கனீசையும் குளோரினையும் ஒரே தொகுதியில் வைத்தார், இரண்டுக்கும் மூன்றரை ஆக்சிஜன் என்பதால். ஒன்று உலோகம், மற்றொன்று நச்சு வாயு. இன்றைய 18 நிரல் அட்டவணை அவற்றைப் பிரித்துவிட்டது, பிரித்ததும் சரியே. ஆனால் உயர்ந்த ஆக்சைடு என்ற எல்லையில் அந்த உறவு பொய் அல்ல. பக்கத்துத் தொகுதியின் குரோமேட்டும் சல்பேட்டும் ஒரே வடிவப் படிகங்களாக வளர்வதும் இதே வகை உறவால்தான்.

இரண்டாவது மறுப்பு போரான். அட்டவணையில் அது அலுமினியத்துக்கு நேர் மேலே, ஆக்சைடும் ஒன்றரைதான். ஆனால் கிளேஸுக்குள் போனால் அலுமினாவின் வேலையை அது செய்வதில்லை. சிலிக்காவைப் போலத் தானே கண்ணாடியாகிறது. அதே சமயம் கிளேஸை இளக்கவும் செய்கிறது. அதனால் ஸேகர் வாய்பாட்டில் சிலர் அதை இரண்டாம் நிரலில் எழுதுகிறார்கள், சிலர் சிலிக்காவோடு மூன்றாம் நிரலில் எழுதுகிறார்கள். நிரலுக்குக் குறுக்கே, மூலைவிட்டமாக ஓர் உறவு இருக்கிறது: லித்தியம் மக்னீசியத்தோடு, பெரிலியம் அலுமினியத்தோடு, போரான் சிலிக்கனோடு. வலப்பக்கம் போகப் போக மின்னூட்டம் கூடுகிறது, கீழே போகப் போக அயனி பெரிதாகிறது. ஒருபடி வலமும் ஒருபடி கீழும் போனால் இரண்டும் ஏறக்குறைய ஈடாகிவிடுகின்றன. மூன்றாவது ஈயம். அது சிலிக்கனின் நிரலில் கடைசிப் பக்கம் நிற்பது. ஜெர்மானியத்துக்கும் வெள்ளீயத்துக்கும் இரண்டு ஆக்சிஜன் இயல்பு. ஈயம் சூளை வெப்பத்தில் ஒன்றோடு நின்றுவிடும். ஈயச் செந்தூரத்தைச் சூடாக்கினால் மிகுதி ஆக்சிஜனை விட்டுவிட்டு அதே நிலைக்கு வந்துவிடுகிறது. அதனால் ஸேகர் வாய்பாட்டில் ஈயத்தின் இடம் கால்சியத்துக்குப் பக்கத்தில், இளக்கிகளின் நிரலில். அதன் வெளி எஸ் எலக்ட்ரான்கள் இரண்டும் அணுக்கருவோடு இறுகிப்போய் வெளியே வர மறுப்பதே காரணம். நச்சு என்பதால் ஈயத்தை உண்கலங்களிலிருந்து விலக்கி அதன் இடத்தில் போரானைக் கொண்டுவந்தார்கள். அட்டவணையில் ஒட்டும் உறவும் இல்லாத இரண்டு தனிமங்கள் சூளையில் ஒரே வேலையைச் செய்கின்றன. இதைக் கொண்டு தொகுதி என்பதே பொய் என்று முடிவு கட்டுவது அவசரம். தொகுதி உறவு நடுவில் இறுகி ஓரங்களில் தளர்கிறது என்பதே சான்றுகள் காட்டுவது. மேல் ஓரத்தில் அளவு மிகச் சிறியது. கீழ் ஓரத்தில் உள் எலக்ட்ரான்களின் பாதிப்பு மிகப் பெரியது. அணு எண்ணுக்கு ஓரமும் கிடையாது, நடுவும் கிடையாது. இரண்டு ஒழுங்கும் வேறு வேறு என்று முதலிலேயே சொன்னது இதனால்தான்.

இரும்பு இன்னும் ஒருபடி மேலே போகிறது. காற்று தாராளமாக ஓடும் சூளையில் அதற்கு ஒன்றரை ஆக்சிஜன். மஞ்சளும் சிவப்பும் பழுப்பும் தரும். காற்றைக் குறைத்துப் புகையவிட்டால் ஒன்றாகக் குறைந்து சாம்பலும் பச்சையும் காட்டும், களிமண்ணை இளக்கவும் தொடங்கும். ஸேகரின் முதல் இரண்டு நிரல்களிலும் அதற்கு இடம் உண்டு. எதில் என்பதைச் சூளையின் காற்று தீர்மானிக்கிறது. வெள்ளைப் பீங்கானுக்குக் களிமண் தேடுவோர் இரும்பைக் கண்டு அஞ்சுவது இதனால்தான். வெனேடியம், குரோமியம், மாங்கனீஸ், இரும்பு, கோபால்ட், நிக்கல், தாமிரம் என்று நிறம் தருபவை எல்லாம் நான்காம் தொடரில் வரிசையாக நிற்கின்றன. அதே தொடரின் கால்சியம் நிறமற்றது. டைட்டானியமும் துத்தநாகமும் உயர்ந்த ஆக்சைடில் வெள்ளை. டி ஆர்பிட்டால் பாதியில் நிற்கும்போது நிறம், காலியாகவோ முழுதாகவோ இருந்தால் பெரும்பாலும் வெண்மை. எலக்ட்ரான் விளக்கம் மிகத் தெளிவாக ஒளிவிடும் இடம் இது. ஆனால் இங்கும் கணக்கில் வருவது ஆக்சிஜனுக்குக் கொடுத்தது போக மீதி இருக்கும் எலக்ட்ரான்களே.

ஒரே தொகுதிக்குள் உள்ள வேறுபாட்டுக்கு விருத்தாசலத்து மின்காப்பான் போதுமான சான்று. சோடியமும் பொட்டாசியமும் கிளேஸில் ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யும் என்று சொன்னேன். மின்காப்புப் பீங்கானிலோ பொட்டாஷ் ஃபெல்ஸ்பாரே விரும்பப்படுகிறது. சோடியம் அயனி சிறியது, கண்ணாடிப் பகுதிக்குள் எளிதில் நகர்ந்து மின்சாரத்தைக் கசியவிடும். பெரிய பொட்டாசியம் அயனி அவ்வளவு எளிதில் நகராது. உருகும்போதும் பொட்டாஷ் ஃபெல்ஸ்பார் கெட்டியான குழம்பாக நின்று பொருளின் வடிவத்தைக் காக்கிறது. தொகுதி என்ன வேலை என்பதைச் சொல்கிறது. தொடர் அதை எந்த அளவில் என்று சொல்கிறது.

ஆக்சைடுக்கும் எல்லை உண்டு. மூன்றாம் தொகுதியில் இட்ரியத்துக்குக் கீழே லாந்தனத்தை வைப்பதா லுட்டீசியத்தை வைப்பதா என்ற வழக்கில் அது ஒன்றும் சொல்லாது, இரண்டுக்கும் ஒன்றரைதான். 2021இல் பன்னாட்டு வேதியியல் ஒன்றியத்தின் குழு ஒன்று லுட்டீசியத்தின் பக்கம் சாய்ந்து இடைக்கால அறிக்கை கொடுத்தது. தொடர்களின் கட்டமைப்பைப் பார்த்து எடுத்த முடிவு அது. அங்கே எலக்ட்ரானுக்குத்தான் பேச உரிமை.

ஹைட்ரஜன் விஷயத்தில் அப்படி விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அதை லித்தியத்துக்கு மேல் வைப்பவர்கள் உண்டு, ஃபுளோரினுக்கு மேல் வைப்பவர்கள் உண்டு, எங்கும் சேர்க்காமல் தனியே மிதக்கவிடுபவர்களும் உண்டு. உலோகமல்லாத ஒரு வாயுவுக்குக் கார உலோகங்களின் நிரலில் என்ன வேலை என்பது வழக்கமான எதிர்ப்பு. ஆனால் ஹைட்ரஜனின் ஆக்சைடு நீர். ஆக்சிஜன் கணக்கு அரை. படிக்கட்டின் முதல் படி. களிமண்ணின் 14 பங்கு நீர் 600 டிகிரிக்குள் பெரும்பாலும் வெளியேறிவிடுவதால், சூளையில் அது இளக்கியாக வேலை செய்வதைப் பார்க்க முடிவதில்லை. அது வெளியேற வழியில்லாத இடம் பூமியின் ஆழம். அங்கே அழுத்தத்தில் அடைபட்ட நீர், சிலிக்கனும் ஆக்சிஜனும் கைகோத்த வலையைச் சோடியம் ஆக்சைடு அறுப்பது போலவே அறுத்து, உலர்ந்த கிரானைட் உருகும் வெப்பத்தைவிட நூற்றுக்கணக்கான டிகிரி குறைவிலேயே அதை உருக்குகிறது. இளக்கிகளின் நிரலில், லித்தியத்துக்கு மேலே, ஹைட்ரஜனை உட்கார வைக்க இதைவிட வேறு காரணம் தேவையில்லை.